டிக்கெட்டுக்காகப் பூட்டிய கதவு



பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் நம் பிள்ளைகளின் முதல் வேலை என்ன? வாப்பா, நன்னா, மாமு, சாச்சா என்று வரிசையாகக் கைநீட்டிப் பெருநாள் காசு வாங்குவதுதான். நாம் சிறுவர்களாக இருந்தபோது அந்தக் காசு திடலில் ராட்டினத்துக்கும் ஐஸுக்கும் போனது. மாலைக்குள் கை காலி. இன்றைய பிள்ளைகள் திடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏ.சி. போட்ட கட்டடத்துக்குள் இருக்கும் விளையாட்டு மையம் வேண்டும். பந்துக் குளம் வேண்டும், குதிக்கும் வலை வேண்டும், பவுலிங் வேண்டும். கிரிக்கெட் பவுலிங் என்று நினைத்துவிடாதீர்கள். வழவழப்பான மரத்தளத்தில் கனத்த பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம் அது.

விளையாடட்டும். அதில் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு மூலையில் கிடப்பதைவிட ஓடியாடுவது எவ்வளவோ மேல்!

கடந்த நோன்புப் பெருநாள் மாலை மகள் வழிப் பேரப்பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு அப்படிப்பட்ட மையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர் பெயரும் மையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். உரிமையாளர் நம்மவர், நல்ல மனிதர். கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஏறுவதற்கு ஒரு லிஃப்ட், ஆள் இருவர் உரசிக்கொண்டு போகும் அகலத்தில் ஒரு படிக்கட்டு. உள்ளே இருநூறு பேருக்குக் குறையாது. சுவரெங்கும் வண்ண வண்ண ஸ்பாஞ்சு, கூரையிலிருந்து தொங்கும் துணித் தோரணம், காதைக் கிழிக்கும் பாட்டு. பின்பக்கச் சுவரில் ஒரு கதவு. அதன் முன்னே ஆள் உயரத்துக்குக் குளிர்பானப் பெட்டிகள். கதவின் கைப்பிடியில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

கவுண்டரில் நின்ற பையனிடம் கேட்டேன்.

"தம்பி, அந்தக் கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?"

"திறந்து வச்சா டிக்கெட் எடுக்காம பின்னாடியா ஏறி வந்துடுறாங்க பாய். பெருநாள் கூட்டம் வேற."

"சாவி யாரிடம்?"

"மேனேஜர்கிட்ட. அவர் தொழுகைக்குப் போயிருக்கார்."

அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான். ஆனால் டிக்கெட் எடுக்காமல் வந்துவிடுவார்கள் என்ற அந்தக் காரணம் இருக்கிறதே, அது இன்று நேற்று முளைத்த காரணம் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் காரணம். அதைத்தான் இங்கே உங்களோடு பேச வேண்டும்.

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா ஹால் என்ற அரங்கம். பிள்ளைகளுக்காக வித்தை நிகழ்ச்சி நடந்தது. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் பரிசுப் பொருள்கள் தரப்படும் என்று அறிவித்தார்கள். மேல்மாடத்தில் இருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பரிசு தமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டில் பாய்ந்து இறங்கினார்கள். கீழே இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. டிக்கெட்டைச் சரிபார்க்க வசதியாக, ஒருநேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டு அதற்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் அங்கே சிக்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். 183 பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை. ஒரு தாழ்ப்பாள் செய்த வேலை!

அந்தக் கொடுமைக்குப் பிறகு பொழுதுபோக்கு அரங்குகளின் கதவுகள் வெளிநோக்கித் திறக்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. 1892இல் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருக்கும். உள்ளிருப்பவர் அதன்மீது சாய்ந்தாலே போதும், கதவு திறந்துவிடும். வெளியில் நிற்பவரால் திறக்க முடியாது. சாவி வேண்டாம், மேனேஜர் வேண்டாம். நம் ஊர்ப் பெரிய திரையரங்குகளிலும் மால்களிலும் இந்தத் தள்ளுகம்பியைப் பார்த்திருப்பீர்கள். டிக்கெட் இல்லாமல் எவனும் ஏறி வர முடியாது, உள்ளே இருக்கும் பிள்ளையும் சாக வேண்டியதில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு கண்ட ஒரு பிரச்சினைக்கு இன்றும் நாம் சங்கிலியும் பூட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றால் இதை என்னவென்று சொல்வது?

ரஷ்யாவின் கெமரோவோ நகருக்கு வாருங்கள். 2018 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. பழைய மிட்டாய்த் தொழிற்சாலையை மாற்றிக் கட்டிய நான்கு மாடி வணிக வளாகம். திரையரங்கு, பவுலிங், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். தீ பிடித்தது மேல்மாடியில், பிள்ளைகள் விளையாடும் பகுதியில்! எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. திரையரங்கின் கதவு பூட்டிக் கிடந்தது. பெற்றோர் சிலர் பிள்ளைகளை மேலே படம் பார்க்க விட்டுவிட்டுக் கீழே இருந்தார்கள். உள்ளே சிக்கிய பிள்ளைகள் செல்போனில் உம்மாவை, வாப்பாவை அழைத்துக் கதறினார்கள். செத்தவர்கள் 60 பேர். அதில் 37 பேர் பிள்ளைகள்.

பிள்ளையை மேலே விட்டுவிட்டு நாம் கீழே ஜவுளி எடுப்பதில்லையா? ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, 'அப்பாடா' என்று டீ குடிக்கப் போவதில்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

கத்தாரில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு 2012 மே 28ஆம் தேதி நினைவிருக்கும். தோஹாவின் வில்லாஜியோ வளாகத்தில் தீ. உள்ளே குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. தீயணைப்பு வீரர்கள் கூரையை உடைத்துத்தான் பிள்ளைகளிடம் போக முடிந்தது. 13 பிஞ்சுகள் உட்பட 19 பேர் மாண்டார்கள். காப்பாற்றப் போன வீரர்கள் இருவரும் அதில் அடக்கம். செல்வம் கொழிக்கும் நாட்டின் ஆடம்பர மால் அது. ஆகவே பெரிய இடம், பளபளப்பான இடம், பயமில்லை என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2024 மே 25, சனிக்கிழமை மாலை. குஜராத்தின் ராஜ்கோட் நகரில் டி.ஆர்.பி. என்ற விளையாட்டு மையம். கோடை விடுமுறை. 99 ரூபாய்க்கு நுழைவுச் சீட்டு என்று சலுகை. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! இரும்புச் சட்டமும் தகரமும் கொண்டு எழுப்பிய கூடாரம் அது. கோ-கார்ட் எனப்படும் குட்டிக் கார்களுக்கான பெட்ரோலும் ஜெனரேட்டருக்கான டீசலும் அங்கேயே சேமித்து வைக்கப்பட்டிருந்தன. ஆள்களை உள்ளே விட்டுக்கொண்டே ஒரு பக்கம் வெல்டிங் வேலையும் நடந்தது. பொறி பறந்து கீழே கிடந்த பொருள்களில் விழுந்தது. சில நிமிடங்கள்தான்! மேல்தளத்தில் இருந்தவர்கள் இறங்குவதற்குக் குறுகலான ஒரு படிக்கட்டு. 27 உயிர்கள் போயின. குழந்தைகளும் அதில் உண்டு. அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிப்போன உடல்களை டி.என்.ஏ. சோதனை செய்துதான் உறவினர்களிடம் ஒப்படைத்தார்கள்.

தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்த மையத்துக்கு இல்லை. அனுமதி பெறாத கட்டடம் என்று 2023ஆம் ஆண்டிலேயே மாநகராட்சி இடிப்பு நோட்டீஸ் கொடுத்திருந்தது. நோட்டீஸ் காகிதமாகவே இருந்தது, மையம் மையமாகவே நடந்தது. உயர் அதிகாரிகள் அங்கே போய் எடுத்துக்கொண்ட பழைய படங்கள் பிறகு வெளிவந்தன. மறுநாளே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட குஜராத் உயர் நீதிமன்றம், இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று கண்டித்தது. சூரத்தில் பயிற்சி வகுப்புக் கட்டடத்தில் தீப்பிடித்து 22 மாணவர்கள் செத்தது 2019 மே 24. அதன் ஐந்தாண்டு நிறைவுக்கு மறுநாள் ராஜ்கோட்! ஐந்தாண்டில் என்ன படித்தார்கள்?

நாமும் பெருமை பேச முடியாது. 2004 ஜூலை 16ஆம் தேதியைக் குடந்தை மறக்குமா? கீற்றுக் கூரை, குறுகிய படி, 94 பிஞ்சுகள். அதன்பிறகு பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. கீற்று போய் இன்று ஸ்பாஞ்சு வந்திருக்கிறது. குறுகிய படி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஸ்பாஞ்சு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். பிள்ளை விழுந்தால் அடிபடக் கூடாது என்று சுவரிலும் தூணிலும் ஒட்டுகிறார்களே, அது பெரும்பாலும் பாலியூரித்தேன். பெட்ரோலிய வழி வந்த பொருள். பற்றினால் மிக வேகமாக எரியும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு மட்டுமல்ல, ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சும் உண்டு. தீ நெருங்கும் முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். 1997இல் டெல்லி உபகார் திரையரங்கில் செத்த 59 பேரையும் கொன்றது புகைமூட்டம்தான். ஆகவேதான் கதவு, கதவு என்று அடித்துக்கொள்கிறேன். புகை சூழ்ந்த பிறகு சாவியைத் தேட நேரம் கிடையாது.

வியாபாரப் பெருமக்களே! இது உங்களுக்கு. துணிக்கடையும் மளிகைக் கடையும் நடத்தியவர்களின் பிள்ளைகள் இன்று இத்தகைய மையங்களைத் தொடங்குகிறார்கள். திருமண மண்டபத்தையும் கிடங்கையும் இதற்கென்று வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல தொழில்தான், வளரட்டும். ஆனால் அரிசி மூட்டை வைத்த கிடங்குக்கு ஒரு வாசல் போதும். பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் போதாது. தேசியக் கட்டட விதித் தொகுப்பு இத்தகைய இடங்களை மக்கள் கூடும் கட்டடம் என்றுதான் வகைப்படுத்துகிறது. வெளியேறும் கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கூட்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெல்டிங் வைக்காதீர்கள். தீயணைப்புச் சான்று வாங்குவதை, 'யாரையாவது பிடித்து முடித்துவிடலாம்' என்று விடாதீர்கள். கையூட்டுக் கொடுத்து வாங்கிய காகிதம் தீயை அணைக்காது.

இன்னொரு காகிதம் உண்டு. நுழையும்போதே நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்: எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல! நானும் போட்டேன், பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது யார் படிப்பது? ஆனால் உரிமையாளர்கள் இதை நம்பி உறங்க வேண்டாம். பூட்டிய கதவுக்கு அந்தக் கையெழுத்து கேடயம் ஆகாது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. ராஜ்கோட் வழக்கில் அதையும் தாண்டி, கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்ற கடுமையான பிரிவிலேயே வழக்குப் பதிந்தார்கள். அங்கே பங்குதாரர்களில் ஒருவர் வழக்கைச் சந்திக்கவே இல்லை. அவரும் அதே தீயில் கருகிப்போனார். டி.என்.ஏ. சோதனையில்தான் அது தெரிந்தது.

தீ மட்டும்தான் ஆபத்தா? இல்லை. அன்றாடம் நடப்பது சின்னச் சின்னக் காயங்கள். அவை பத்திரிகையில் வருவதில்லை.

பவுலிங் பந்துகளில் சிறியதே ஏறத்தாழ 2.7 கிலோ. பெரியது 7 கிலோவுக்கு மேல். 'நான் பெரியவன்' என்று காட்ட ஐந்து வயதுப் பிள்ளை பெரிய பந்தைத் தூக்கினால் விழுவது அவன் காலில்தான். எறிந்த பந்து தரைக்கு அடியில் ஓடித் திரும்ப மேலே வரும் தொட்டி இருக்கிறதே, அங்கே கை வைக்கவே விடாதீர்கள். வேகமாக வரும் பந்துக்கும் நிற்கும் பந்துக்கும் நடுவில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும். இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்து எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். கோட்டைத் தாண்டித் தளத்தில் கால் வைக்கக் கூடாது. அது விதிக்காக மட்டும் சொல்வதல்ல, தளத்தில் எண்ணெய் தடவியிருப்பார்கள். என் பேரன் பந்தின் பின்னாலேயே ஓடினான். நல்லவேளை, பக்கத்தில் விளையாடிய ஒரு கல்லூரித் தம்பி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவர் யாரென்று தெரியாது, நன்றி சொல்லத் திரும்புவதற்குள் போய்விட்டார். பந்து மறுமுனையில் சிக்கிக்கொண்டால் ஊழியரைக் கூப்பிடுங்கள். கட்டைகளை நிமிர்த்தி வைக்கும் இயந்திரம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பிள்ளை என்றும் கட்டை என்றும் வித்தியாசம் தெரியாது.

குதிக்கும் வலையில் காயங்கள் பெரும்பாலும் பலர் ஒன்றாகக் குதிப்பதால் வருகின்றன. கனமானவன் இறங்கும்போது லேசானவன் தூக்கி எறியப்படுகிறான். ஒருநேரத்தில் ஒரு பிள்ளை என்று நிர்வாகம் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அதில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் குறித்து ஒரு வார்த்தை. கோ-கார்ட் ஓட்டும்போது கூந்தல் சக்கரத்தில் சிக்கி 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020இல் ஐதராபாத்திலும் இளம்பெண்கள் இருவர் உயிரிழந்தார்கள். கூந்தலுக்கு நேர்ந்தது துப்பட்டாவுக்கும் நேரும். தொங்கும் முனைகளை உள்ளே செருகி, ஊசி குத்தி, அகலமான அங்கியை மடித்துக் கட்டாமல் அந்த வண்டியில் ஏற விடாதீர்கள். சறுக்கு மரத்திலும் இதே கதைதான். கழுத்தில் கயிறு வைத்த சட்டை, நீண்ட தாவணி எல்லாம் அங்கே ஆபத்து. 'பர்தா போட்டவர்களுக்கு அனுமதி இல்லை' என்று எந்த மையமாவது சொன்னால் சண்டைக்குப் போகிறோம். போகத்தான் வேண்டும். அதே நேரம், பாதுகாப்பாக உடுத்தி விளையாட என்ன வழி என்று அந்த மையத்தோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பும் நமக்குத்தான்.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால்? வீட்டிலிருந்து கிளம்பும்போதே அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். கையில் பேனாவால் போன் எண்ணை எழுதுங்கள். கழிப்பறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். தவறாக நடப்பவர்கள் பிள்ளைகள் கூடும் இடத்தைத் தேடித்தான் வருவார்கள். ஏதாவது நடந்ததாகப் பிள்ளை சொன்னால் 'வெளியே சொல்லாதே' என்று வாயை அடைக்காதீர்கள். 1098 என்ற எண் அதற்காகத்தான் இருக்கிறது.

இளைஞர்களே! முகநூலில் கொந்தளித்தது போதும். உங்கள் ஊரில் இப்படி எத்தனை மையங்கள் இருக்கின்றன, எத்தனைக்குத் தீயணைப்புச் சான்று இருக்கிறது, கடைசியாக ஆய்வு நடந்த தேதி என்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிலை எடுத்துக்கொண்டு முதலில் அதிகாரியிடம் போக வேண்டாம், உரிமையாளரிடம் போங்கள். பலர் நம் தெருக்காரர்கள், நம் உறவுகள். சொன்னால் கேட்பார்கள். கேட்காதவர்களுக்குப் பிறகு அதிகாரி இருக்கவே இருக்கிறார்.

நானும் அப்படித்தான் செய்தேன். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அந்த உரிமையாளரைப் போய்ப் பார்த்தேன். தள்ளுகம்பியைப் பற்றிச் சொன்னேன். பேப்பரில் படமாகவும் வரைந்து காட்டினேன். "இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது பாய்" என்றார். உண்மையாகவே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. என் முன்னிலையிலேயே பெட்டிகளை அகற்றச் சொன்னார். சங்கிலி பற்றிக் கேட்டேன். "ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் ஆசாரியை வரச் சொல்லி மாட்டிவிடுகிறேன்" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பேரப்பிள்ளைகள் அங்கேதான் இழுப்பார்கள். போவேன். முதலில் பின்பக்கமாகப் போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். அதன் பிறகுதான் கவுண்டர்.